மூன்றாவது புள்ளி

பினாங்கில் எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

சூலியா தெருவில் ஒரு மாடியில், ஓய்வு பெற்றவர்களுக்குக் கைப்பேசிச் செயலி எழுதக் கற்றுத்தருகிறார்கள். போன சனிக்கிழமை என் முதல் செயலியை எழுதி முடித்தேன். யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும். என் போனிலும் மனைவி பத்மாவதியின் போனிலும் மட்டுமே அதைப் போட்டிருந்தேன். ஒரு புள்ளி வகுப்பில் இருந்தது, அது நான். இன்னொன்று வீட்டில், அது அவள். அவளை ஒட்டி மூன்றாவதாக ஒரு புள்ளி இருந்தது.

“எங்கயோ தப்பா எழுதியிருக்கீங்க லா, அங்கிள்,” என்று சிரித்தாள் ஆசிரியை மிதுஷா. நான் எழுதியதைப் படித்த பிறகு அவள் சிரிக்கவில்லை. “ரெண்டு புள்ளிக்கு மேல இதுல வரவே வராதே.”

பத்மாவதிக்குப் போன் செய்தேன்.

“வீட்ல யாரு?”

“யாரு இருப்பா? நான்தான்லா. என்னா ஆச்சு உங்களுக்கு?”

பேசப் பேசத் திரையில் அவள் புள்ளி வாசலுக்கு வந்தது. மூன்றாவதும் கூடவே வந்தது.

டாக்சி பிடித்து ஓடினேன். வீட்டில் இறங்கித் திரையைப் பார்த்தேன். அவள் பக்கத்தில் அந்தப் புள்ளி இல்லை. மூச்சு வந்தது. உள்ளே மேசைமேல் மூன்று கோப்பைத் தேநீர் இருந்தது.

“மூணாவது யாருக்கு?”

“உங்ககூட வந்தாரே, அவருக்குத்தான். உக்காரச் சொல்லுங்க.”

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.