நல்ல கடைக்கு விடுங்க

கரமனையில் ஆட்டோ ஏறிய சத்தியதாஸ், வெளியூர்க்காரர்போல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, இந்த ஊருல நல்ல கேமராக் கடை எது? அங்க விடுங்க."

"ரெண்டு மூணு உண்டு சாரே. கொண்டு விடுதேன்," என்றான் டிரைவர் பிரபின்.

"பழவங்காடி பிள்ளையார் கோயில் பக்கம், மாடியில ஒரு கடை நல்லாருக்கும்னு சொன்னாவ."

"அங்க மட்டும் வேண்டாம் சாரே. என் மச்சினன் ஒரு பேட்டரி வாங்கப் போனான். அந்த முதலாளி லென்ஸ் பிறந்த கதையை ஒரு மணிக்கூறு சொல்லிட்டு, கடைசியில பேட்டரி இல்லேன்னுட்டாராம். அதான் அங்க ஈ காக்கா ஏறாது."

சத்தியதாஸுக்குச் சுருக்கென்றது.

"அதுல என்ன தப்பு? விவரம் தெரியாம ஒரு சாமான் வாங்கலாமா? இப்போ லென்ஸையே எடுத்துக்கிடுங்க..."

கிள்ளிப்பாலத்து நெரிசலில் ஆட்டோ நின்றது. அவர் நிற்கவில்லை. லென்ஸில் புறப்பட்டு, ஃபிளாஷைத் தொட்டு, ஃபிலிம் ரோல் காலத்துக்கே போய்விட்டார். பிரபின் கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்தான். பிறகு பார்த்துக்கொண்டே வந்தான்.

ஆட்டோ மறுபடி நின்றபோதுதான் அவர் வாயை மூடினார். எதிரே பழவங்காடிப் பிள்ளையார் கோயில். பக்கத்து மாடிக் கடை இன்னும் பூட்டியே கிடந்தது.

"நல்ல கடைக்குல்லா விடச் சொன்னேன்?"

"அங்க சாயங்காலம் போலாம் சாரே," என்றான் பிரபின் பணிவாக. "நேரமாச்சு. முதல்ல உங்க கடையைத் திறங்க."