சாப்பாட்டுக்குப் பின் ஒன்று

மூன்றாவது இட்லியையும் முடித்துவிட்டு, ராமதாஸ் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தார்.

புரட்டாசி நான்காம் சனிக்கிழமை. காலை எட்டரை மணி. பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைக்கும்வரை அந்த வீட்டில் யாரும் தண்ணீரைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கக் கூடாது.

யாரும் என்றால், இருப்பதே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான். அதில் ஒருவருக்கு விலக்கு.

விலக்கு வாங்கிக் கொடுத்தது டாக்டர். ஆவணியில், அவனியாபுரம் ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோ நிற்பதற்குள் இறங்கி ராமதாஸுக்கு முழங்கால் வீங்கியது. டாக்டர் பத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, இரண்டு விஷயம் சொன்னார். வலி விட்டதும் நிறுத்திவிட வேண்டும். வெறும் வயிற்றில் மட்டும் போடவே கூடாது.

ராமதாஸ் இரண்டாவதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஐந்தே நாளில் வலி போனது. மாத்திரையையும் நிறுத்தினார். அதைச் சீதாலட்சுமியிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார். புரட்டாசி பிறந்ததும் ஞாபகம் வந்தது. அப்போதும் சொல்லவில்லை.

சிரிக்காதீர்கள், பாவம். அறுபத்தாறு வயது. பசி தாங்காது.

ஆக, சனிக்கிழமைதோறும் அவருக்கு மட்டும் இட்லி. சாப்பிட்டு முடித்ததும் சமையலறைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, அட்டையின் காலிக் குழியை டக்கென்று அழுத்துவார். சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு பல்லி மிட்டாயை எடுத்து வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, கசந்ததுபோல முகத்தைச் சுளித்துக்கொள்வார்.

கடையில் ஆரஞ்சாகவே பொறுக்கி ஒரு பொட்டலம்தான் வாங்கினார். நடுநடுவே கொறித்தும் அது குறையவே இல்லை. பெருமாள் கருணை என்று நினைத்துக்கொண்டார்.

இன்று பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிட்டதால், வழக்கமாக இல்லாத கண்ணாடி மூக்கில் இருந்தது. அட்டை தெளிவாகத் தெரிந்தது.

ஐந்து மாத்திரை இருக்க வேண்டிய அட்டையில் ஒன்றுதான் இருந்தது.

என் மாத்திரையை யார் எடுத்தது என்று கேட்க வாய் திறந்தவர், சட்டென்று மூடிக்கொண்டார். ஊரறிய அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டிருப்பவர் அவர்தானே? என்னவென்று கேட்பது?

சமையலறையில் வடை எண்ணெயில் இறங்கும் சத்தம் கேட்டது. சீதாலட்சுமி விடிகாலை நாலு மணியிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். போன புரட்டாசியில் இதே வேலைக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பெருமாளையும் புருஷனையும் சேர்த்துத் திட்டினாள். இந்த வருஷம் ஒரு முனகல் இல்லை. இன்று குந்தி உட்கார்ந்து கோலம்கூடப் போட்டாள். அதையும் பெருமாள் கணக்கில்தான் எழுதியிருந்தார்.

ஆனால் காலையில் இரண்டு தரம் நெஞ்சுக்குழியை அழுத்திக்கொண்டு, வாயு என்றாளே.

ராமதாஸ் தட்டைத் தள்ளிவைத்தார்.

போன வருஷத்து முட்டி வலிக்கு அவளாகக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டு, தை மாதம் வயிற்றில் புண் வந்தது. மூன்று மாதம் மோர்ச்சோறு. இனி என்னைக் கேட்காமல் வலி மாத்திரை ஒன்றுகூடத் தொடக் கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னபோது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டியவர் இவர்தான்.

கேட்டால் இட்லி போகும். கேட்காவிட்டால்?

எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

"சீதா, நான் மாத்திரையே போடல. எல்லா வாரமும் பல்லி மிட்டாய்தான்."

வீட்டுக்குள் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். சண்டைக்கு மட்டும் தமிழ். தெருவுக்கும் புரிய வேண்டும் அல்லவா. சீதாலட்சுமி தமிழுக்கு மாறினாள். ஆனால் சத்தம்தான் எழும்பவில்லை.

"தெரியும். மொத சனிக்கெழமையே நாக்கு ஆரஞ்சா இருந்துச்சு. எந்த மாத்திரைக்குங்க நாக்கு ஆரஞ்சாகும்? நீங்க போடலைன்னா அம்புட்டும் வீணாத்தான போகும்? எனக்குக் கால் வேற கெஞ்சுச்சு."

"வெறும் வயித்துலயா போட்ட?"

"வெரதம்ல?"

டாக்டர் தை மாதம் கேட்ட கேள்வியையே ராமதாஸும் கேட்டார்: வெளிக்குக் கறுப்பாகப் போகிறதா என்று. இல்லை என்று தலையாட்டினாள். எரிச்சல் மட்டும்தான் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, எரிச்சல் கொஞ்சம் சாஸ்திதான் என்றாள்.

அவர் அட்டையை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டாக்டர் பார்க்கட்டும்.

"கெளம்பு. இப்பவே காட்டிட்டு வந்துருவோம்."

"ஐயோ, தளிகை?"

"பெருமாள் பொறுத்துக்குவாரு. காலம் பூரா நின்னும் முட்டி வலிக்காதவரு அவரு ஒருத்தர்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவர் செருப்பைக்கூடத் தேடாமல் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டிவந்தார்.

வந்து பார்த்தால், அவள் இன்னும் சமையலறையில் நின்றாள். துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே இது எதுக்கு? நீங்களே வச்சுக்கங்க."

கால் கிலோ பல்லி மிட்டாய்ப் பொட்டலம். ராமதாஸ் பிரித்துப் பார்த்தார்.

பச்சை இருந்தது. ரோஸ் இருந்தது. மஞ்சளும் வெள்ளையும் நிறைய இருந்தன.

ஆரஞ்சு மட்டும் ஒன்றுகூட இல்லை.