நாலு கோழிக்கு ஆறடிக் கூண்டு

"நாலு கோழிக்கு ஆறடி உயரத்துல கூண்டா? கோழி என்ன நின்னுக்கிட்டுத் தலை சீவப் போகுதா?"

தச்சர் கேட்டதும் மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. கொல்லைப்புறத்து மண்ணில் குச்சியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அளவு நூலின் ஒரு முனையை அவர்களின் ஐந்து வயது மகள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே போய்க் கூட்டணும் அண்ணே. குனிஞ்சு குனிஞ்சு கூட்டினா இடுப்பு போயிடும்."

"அவ சொல்றபடியே செஞ்சுடுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். "இந்த வீட்டுல நம்ம பேச்சு எங்கே எடுபடுது? ஆனா ஒண்ணு, கோழி நாத்தம் எனக்கு ஆகாது. அதுங்க வந்துட்டா இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

மகளின் தலையைத் தடவிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

தெருவில் அவருக்கு அப்படி ஒரு நல்ல பேர். யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்தால்கூட எழுந்து வந்து கடையைத் திறப்பார். அவர் குரலை உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. அவளோ வாசலில் நின்று நாலு வார்த்தை பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தாற்போல என்று தெருவே பேசிக்கொண்டது. அவரைத்தான் கிளி என்றார்கள்.

தச்சரும் அந்தத் தெருக்காரர்தான்.

"சிக்கனமா முடிக்கணும்னு சொன்னீங்கள்ல? அப்ப நாலடி போதும்மா. இங்கே அடிக்கிற புழுக்கத்துக்கு மூணு பக்கம் வலை. மேற்கே மட்டும் பலகை, சாயங்கால வெயில் உள்ளே இறங்காது. தகரக் கூரை வேண்டாம், கோழி வெந்துடும். கீத்து வேஞ்சு, முன்னால நல்லா இறக்கிவிட்டா சாரலும் அடிக்காது."

"கூரையும் மேற்குப் பக்கமும் நீங்க சொன்ன மாதிரியே போடுங்க. மத்த மூணு பக்கமும் தோள் உயரத்துக்குப் பலகை. அதுக்கு மேல வலை."

"காத்து வேணாமா? கோழி தரையிலதானே நிக்கும்?"

"பலகைக்குப் பலகை விரல் இடைவெளி விடுங்க. அந்தக் காத்து போதும். பலகைக்குச் செலவு இல்ல. இடிச்ச வீட்டுக் கதவுங்க சும்மா கிடந்துச்சு, எடுத்துட்டு வந்திருக்கேன்."

சுவரில் சாய்த்திருந்த கதவுகளைத் தச்சர் தட்டிப் பார்த்தார். ஒற்றை ஆள் தூக்க முடியாத கனம்.

"இதை உடைக்கணும்னா கோடாலிதான் வேணும். கோழிக்கு எதுக்கும்மா இவ்வளவு?"

"நாய் முட்டித் தள்ளிடும்."

அதோடு விட்டாளா? உள்ளே ஓரமாக ரெண்டு முழ அகலத்தில் ஒரு பலகையும் போடச் சொன்னாள்.

"கோழி கம்பைத்தான் கால் விரலால பிடிச்சு உக்காரும். பலகையை வெச்சு என்ன பண்ணும்?"

"கம்பும் வைங்க. பலகையும் வைங்க."

பிடித்தால் ஒரே பிடி. அரண்மனை கட்டுகிறாள் என்று பக்கத்து வீட்டு மாடியிலிருந்து சிரித்தார்கள். தச்சரும் சேர்ந்து சிரித்தார். ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. மழைத் தண்ணீர் தேங்காமலிருக்க ஒரு முழம் மேடு தூக்கி, அதன்மேல் கூண்டை நிறுத்தினார்.

கூண்டு எழும்பிய அன்று மதியம், மருந்துக்கடைக்காரர் தன் கையாலேயே தச்சருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். கூண்டைச் சுற்றி வந்தார். தோளால் பலகையில் ஓங்கி ஓர் இடி இடித்துப் பார்த்தார். கூண்டு அசையவில்லை.

"பலமாத்தான் இருக்கு" என்றார். சமையலறை ஜன்னலில் நின்றிருந்த மனைவியைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடைக்குப் போனார்.

தச்சருக்கு மனசு பொறுக்கவில்லை. அவள் வெளியே வந்ததும் சொல்லியே விட்டார்.

"நான் சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும். கோழி மேல இருக்கிற கரிசனத்துல கால்வாசியாவது கட்டின புருஷன் மேல வைங்க."

அவள் வாசல்வரை போய், தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். மூன்று இரும்புத் தாழ்ப்பாள்கள்.

"ஒண்ணு வெளியே போடுங்க அண்ணே. ரெண்டு உள்பக்கம்."

"உள்பக்கமா? ஏம்மா, கோழியா எழுந்து வந்து தாழ்ப்பாள் போடப் போகுது?"

சிரிக்க ஆரம்பித்த தச்சர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"வீட்டுல ஒரு ரூம் கதவுலயும் தாழ்ப்பாள் கிடையாது அண்ணே. எல்லாத்தையும் அவர் கழட்டிட்டார்."

அவள் அழவில்லை. வேலை சொல்லும் அதே குரலில்தான் சொன்னாள். தச்சருக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் கொடுத்த டீ டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுத் தாழ்ப்பாள்களைக் கையில் எடுத்தார்.

"எந்த உயரத்துலம்மா வைக்கட்டும்?"

"ஒண்ணு என் கைக்கு. இன்னொண்ணு கீழே, பாப்பாவுக்கு எட்டுற மாதிரி. நான் வந்து சேரலேன்னாலும் அவ போட்டுக்கணும்."