ஈரக் கையும் உலர்ந்த கையும்

கொலுப்படிகளுக்குக் கீழே, கூடத்துத் தரையில் விரித்த பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் ஹம்ஸா வாளியிலிருந்த களிமண்ணைக் குழைத்து மலைக்கோட்டை எழுப்புகிறாள். காவிரிக்காகப் படுக்கவைத்த கண்ணாடிக்குள் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான்கு நாளுக்கு முன் தட்டில் தூவிய கடுகு முளைத்து, கரையோரம் வயலாக நிற்கிறது. எதிரே அவள் கணவர் மதுசூதன், செட்டியார் பொம்மையைத் துணியால் துடைக்கிறார். வர்ணத்தில் சேறு படக் கூடாதென்று, வருடா வருடம் ஈரக் கை அவளுடையது, உலர்ந்த கை அவருடையது. இன்று துடைத்ததையே மறுபடி துடைக்கிறார். அவர் கழுத்தில் ஒரு பிளாஸ்திரி. பயாப்ஸி ரிசல்ட்டை நாலு மணிக்குள் போனில் சொல்வதாகத் தில்லை நகர் டாக்டர் சொல்லியிருக்கிறார். உத்தர வீதியில் ஆட்டோ ஹாரன் கேட்டால்கூட இருவரும் போனைத்தான் பார்க்கிறார்கள். "மலை இன்னும் கொஞ்சம் ஒசரமா இருக்கலாமோ?" என்கிறார். "போறும், இன்னும் ஒசத்தினா சாஞ்சுடும்," என்கிறாள் ஹம்ஸா. உச்சியில் பிள்ளையார் கோயிலை வைக்கும்போது அவள் விரல் பட்டு மண் படிக்கட்டு சரிகிறது. இருவரும் அதைப் பார்க்காததுபோல் இருக்கிறார்கள். கடுகுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் அடிக்கிறது. அதன் வெளிச்சம் கண்ணாடிக் காவிரியில் விழுந்து அதிர்கிறது. "என் கையெல்லாம் மண்ணு. நீங்க எடுங்கோ." மதுசூதன் பொம்மையைக் கீழே வைக்கிறார். போனைப் பார்க்கிறார். பிறகு இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை களிமண் வாளிக்குள் விடுகிறார்.