மை பூசிய பெயர்

“காட்டிக் குடுத்த ஆளோட பேரு ஃபைல்ல இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க தாயி!”

மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார் பெரியவர். இந்த ஐப்பசியில் மட்டும் இது நாலாவது தடவை. தேனி குடிமைப்பொருள் வழங்கல் அலுவலகத்துக்குத் தகவல் அலுவலராக வந்ததிலிருந்து ஹேமாவதி எத்தனையோ மனுக்களைப் பார்த்துவிட்டாள். ஆனால் இந்தப் பெரியவரின் மீசையைப் பார்த்தாலே அவள் பேனாவை மூடி வைத்துவிடுவாள்.

“இருக்கு. ஆனா தர மாட்டோம்.”

“எப்பவுமேவா?”

“சம்பவம் நடந்து இருபது வருசம் ஆயிருச்சுன்னா, கேக்குறவங்களுக்குக் குடுத்துத்தான் ஆகணும். இது எண்பத்தொம்பதுல நடந்தது. இப்ப ரெண்டாயிரத்து ஏழு.”

பெரியவர் விரல் விட்டு எண்ணினார். “இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு” என்று முனகிக்கொண்டார்.

விஷயம் இதுதான். எண்பத்தொன்பதில் கம்பத்திலிருந்து மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்கு ரேஷன் அரிசி கடத்திய ஜீப் ஒன்று பிடிபட்டது. ஜீப்புக்காரர் காமயகவுண்டன்பட்டி ஒச்சாண்டி எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். யாரோ ரகசியமாகத் தகவல் சொல்லித்தான் மாட்டினார். இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்துவிட்டதா, அந்தக் கோப்பைக் கேட்டு சொர்ணலதா என்ற பெண் பெயரில் ஒரு மனு வந்தது. மனு மருமகள் பேரில். நடையாய் நடப்பது மாமனார்.

“உங்க பேர்லயே போட்டிருக்கலாமே?” என்று ஹேமாவதி முதல் நாளே கேட்டிருந்தாள்.

“என் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும் தாயி. மருமகதேன் பத்தாப்பு படிச்சவ” என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

ஹேமாவதி ஒரு வாரம் உட்கார்ந்து நாற்பத்தொரு பக்கத்தையும் வரி விடாமல் படித்துக் குறிப்பு எழுதி வைத்தாள். மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, அட்டையில் இருந்த ‘ரகசியம்’ என்ற சிவப்பு முத்திரையைப் பச்சை மையால் குறுக்கே கோடு போட்டு அடித்தார். ‘தகவல் சொன்னவர் பெயரை மறைத்து வெளியிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மறைக்கிற பாடு அவளுடையது. ஒரே பெயர், ஐந்து இடங்களில் வந்திருந்தது. ஜெராக்ஸ் எடுத்து, ஐந்திலும் கறுப்பு மார்க்கரால் அழுத்தித் தேய்த்தாள். ஒன்று விட்டுப்போனாலும் ஒரு மனுஷன் தலை உருளும் என்று அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

“ஒச்சாண்டி உங்களுக்கு என்ன வேணும்?”

“சம்பந்தி ஆகப்போறாக. அவுக மகளத்தேன் என் சின்னவனுக்கு எடுக்கேன். தை மாசம் கல்யாணம்.” பெரியவர் குரலைத் தாழ்த்தினார். “பாவம், அவுகளுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. ‘பேரு மட்டும் தெரியட்டும், ஒரே வீச்சு’ம்பாக. வாரம் தவறாம அருவாளத் தீட்டி வைக்காக.”

சம்பந்திக்குச் சீர்வரிசையாக ஒரு தலையைக் கொண்டுபோகப் பார்க்கிறார் இந்த மனுஷன் என்று ஹேமாவதி முடிவே கட்டிவிட்டாள்.

“ரெண்டு பேருமாச் சேந்து ஒரு குடும்பத்தத் தெருவுல நிறுத்திராதீக அய்யா.”

‘மாமனாரிடம் கொடுக்கவும்’ என்று மருமகள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்த கடிதத்தை நீட்டிவிட்டு, பெரியவர் கவரை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

ஹேமாவதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வேப்பமரத்து நிழலைத் தாண்டி நடு வெயிலில் போய் நின்றார். மை பூசிய பக்கத்தை உருவி சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

“தெரியுது தாயி!”

அவள் தாளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஐயோ, ஆமாம். மைக்குப் பின்னால் ‘குருசாமி’ என்ற பெயர் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“தப்பு என்னோடதுதான். உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன், பாத்த பேர மறந்துருங்க. அந்த மனுசன் இருந்துட்டுப் போகட்டும்!”

“நானும் அதத்தேன் சொல்லுறேன்!” பெரியவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “இன்னும் கெட்டியாப் பூசுங்க தாயி. நாளைக்கு ஒச்சாண்டி அவுக பேர்லயே மனுப் போட வாராக. இதே தாளத்தேன அவுகளுக்கும் குடுப்பீக?”

ஹேமாவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நான் எத்தன தடவ பூசுனாலும், ரெண்டு வருசத்துல பேரக் குடுக்கத்தான அய்யா வேணும்?”

“அப்பக் குடுங்க, நல்லாக் குடுங்க” என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அன்னிக்கி அவுகளோட வரப்புத் தகராறு. ஆத்திரத்துல போயிச் சொல்லிப்புட்டேன் தாயி. பதினெட்டு வருசமா ஒரு வாய்ச் சோறு நிம்மதியா எறங்கல. குருசாமி நாந்தேன். ரெண்டு வருசத்துல ஒச்சாண்டி மடியில பேரன் உக்காந்திருப்பான்ல, அவன எறக்கி விட்டுட்டா அருவாளத் தூக்குவாக?”