பதினோரு மணிப் பட்டியல்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பதினேழு நிமிடம். கடல் கொள்ளப்போகும் ஊர்களின் பட்டியல் பதினோரு மணிக்கு வெளியாகும். அதன்பின் அந்த ஊர்களில் எந்த வங்கியும் கடன் தராது. வீடுகளை யாரும் வாங்க மாட்டார்கள். மதிப்பீட்டாளர் குமுதவல்லி நேற்றுச் சேர்த்த கடைசிப் பெயர் பரங்கிப்பேட்டை.

தம்பி தென்னவன் அவளை அலுவலக போனில் அழைத்தான்.

"அக்கா, பத்திர ஆபீஸ்ல இருக்கோம். பரங்கிப்பேட்டையில வீடு வாங்குறோம். முடியட்டும்னு உன்கிட்ட சொல்லல. செல்வி நகை மொத்தமும் போயிடுச்சு, கழுத்து லேசா இருக்காம்."

பின்னால் அவன் மனைவி செல்வி சிரிப்பது கேட்டது.

அலுவலக அழைப்புகள் எல்லாம் பதிவாகும். போன வருடம் இங்கே ஒருவர் பட்டியலை முன்கூட்டியே தன் மாமியாரிடம் மட்டும் சொன்னார். மாலைக்குள் செய்தி பரவி, கூட்டம் மொய்த்து மூன்று வங்கிகளில் பணம் தீர்ந்தது. அவர் இன்னும் சிறையில் இருக்கிறார்.

"மத்தியானம் கையெழுத்துப் போடேன்" என்றாள் குமுதவல்லி.

"பத்தரைக்கு ராகு காலம்க்கா. அதுக்குள்ள போடணும். உனக்கென்ன, நாள் கிழமை பாக்காதவ."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அக்கா? பேனா கையில இருக்கு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லேன், போட்டுடறேன்."