மோட்டார் கேஸ்

நஞ்சுண்டன் என் மேசையிலிருந்த பேனாவை எடுத்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

ஒளிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா அம்மணி? வெலங்கு மாட்டியும் கை சும்மா இருக்குதா பாருங்க" என்றார் கூட்டிவந்த ஏட்டு.

பட்டப்பகலில், சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில், எல்லோர் கண்முன்னும் யாருடையதோ ஒரு சைக்கிளை ஓட்டிக்கொண்டு போன வழக்கு. இது நான்காவது.

தலையில் அடிபட்டதால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று அவர் மனைவி பங்காரம்மா மனுப் போட்டிருந்தாள். நிரூபித்தால் ஆஸ்பத்திரி. இல்லையென்றால் ஜெயில்.

ஸ்கேன் எடுத்தது நான்.

நெற்றி எலும்பில் ஒரு பள்ளம். அதற்குப் பின்னால், மனிதன் தன்னை அடக்கிக்கொள்ளும் இடத்தில், கறுப்பாக ஒரு வெற்றிடம். பழைய காயம். சந்தேகமே இல்லை.

ஏட்டு அசரவில்லை.

"அடிபட்டா திருடுவானுங்களா? தொண்ணூத்தொண்ணுலயே அன்னூர்ல கெணத்து மோட்டாரத் தூக்குனவன். அதுதான் மொதக் கேசு. எழுதிக்குங்க."

கோர்ட்டுப் படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது: காயத்துக்கு முன் குற்றம் உண்டா? டாக்டர் கையெழுத்துப் போடுமுன் அதை நிரப்புவது என் வேலை.

நான் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்று, கதவோரம் நின்றிருந்த பங்காரம்மாவை நிமிர்ந்து பார்த்தேன்.

"மோட்டார யாரும் திருடலீங்க" என்றாள். "கயிறு அந்து கெணத்துக்குள்ளயே உழுந்து கெடந்துச்சு. சித்திரையில தண்ணி வத்துனப்பத்தான் தெரிஞ்சுது. கேச அப்பறம் தள்ளுபடி பண்ணிப்போட்டாங்க."

"அடி எப்பங்க பட்டுச்சு?"

"அதே வருசம் மாசியிலங்க."

ஏட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஏட்டு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டேஷன்ல வெச்சு, மோட்டார் எங்கடான்னு கேட்டப்பங்க."

நஞ்சுண்டனிடம் கை நீட்டினேன். கேட்கும் முன்பே பேனாவைக் கொடுத்தார்.

முன் குற்றம்: இல்லை.

அடுத்த கட்டம், காயம் ஏற்பட்ட இடம். அதில், ஸ்டேஷன் என்று எழுதினேன்.

பிறகு பேனாவை மூடி, நஞ்சுண்டனின் பையிலேயே செருகினேன்.